பதிமூன்றில் ஒன்பது அவனுடையது அல்ல

1

போன செவ்வாய்க்கிழமையோடு நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம் முடிந்தது. எண்பத்தொன்பது ஜனவரியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்த அரைக்கைச் சட்டையோடு முழங்கால் பனியில் வந்து இறங்கியவன் நான். அந்த நாளை மறக்காமல் வருடா வருடம் என் மனைவி செல்வி கேசரி கிண்டுவாள். இந்த வருடமும் கிண்டியிருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கி ஆபீஸ்ல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்" என்றேன்.

செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தக் காகிதம்? நம்ம விசா காகிதமா?"

"இல்லட்டி. பந்தாட்டக் காகிதம்."

"அதுக்கும் நம்ம விசாவுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லியா? அதச் சொல்லுங்க மொதல்ல."

உண்டு. என் வேலையை வருடா வருடம் புதுப்பிப்பது கோச். அவர் கடிதம் கொடுத்தால்தான் விசா நீளும். அவர் நீட்டிய காகிதத்தைத்தான் நான் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

செல்வி வத்திராயிருப்புக்காரி. கோபம் வந்தால் கத்த மாட்டாள், எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அன்றைக்குக் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் படித்தது புள்ளியியல். வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில். கல்லூரி ஃபுட்பால் குழுவின் ஆட்டங்களை வீடியோ டேப்பில் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒவ்வொரு வீச்சையும் அட்டவணையில் குறிக்க வேண்டும். எறிந்தவன் யார், யாரைப் பார்த்து எறிந்தான், அவன் பிடித்தானா, விட்டானா. மகன் அமெரிக்காவில் என்ன பண்ணுகிறான் என்று யாராவது கேட்டால் அப்பா "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவார். டி.வி. பார்த்துக் கோடு போடுகிறான் என்றால் நம்ம ஊரில் யார் மதிப்பார்கள்?

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் ஆடுவதில்லை. பந்தும் உருண்டை இல்லை, மட்டை உரிக்காத சின்னத் தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்கள், இல்லாவிட்டால் தூர எறிவார்கள். எறிகிறவனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். குழுவில் ராஜா அவன்தான். அவன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்பார்கள். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் நாலைந்து பேர். எங்கள் குழுவில் எறிகிறவன் கைல். பிடிக்கிறவர்களில் ஒருவன் டெரிக்.

எனக்கு இந்த அலுவலகத்தில் பெயர் சாமி. என் பெயர் முருகேசன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்டார்கள், நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதிவிட்டேன். ராமசாமி என்பதை இவர்கள் பாதியாக நறுக்கிவிட்டார்கள். "சாமி, அந்த டேப்பை எடுத்து வா", "சாமி, காபி தீர்ந்துபோச்சு" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறேன். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருடம் மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து ஊரையே ஏவின மனுஷன். அவர் பெயரைச் சொல்லி இப்படி வேலை வாங்குகிறார்கள் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

3

என்னை இந்த வேலைக்கு எடுத்ததற்குப் புள்ளியியல் மட்டும் காரணமில்லை. "ஏதாவது விளையாட்டு ஆடியிருக்கிறாயா?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். "நான் ராஜபாளையத்தில் கூடைப்பந்து ஆடியவன்" என்றேன். அவர்களுக்கு ராஜபாளையம் எங்கே தெரியப் போகிறது? ஆனால் நான் சொன்ன தோரணையில் ஏதோ பெரிய ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள். பெரிய ஊர்தான். கூடைப்பந்தில் எங்களை எவன் சின்ன ஊர் என்று சொல்வான்?

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்லூரி ராஜபாளையத்தில். பஸ்ஸில் அரை மணி நேரம். வகுப்பு முடிந்ததும் மைதானத்துக்குப் போய்விடுவேன். மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தலையில் பஞ்சோடு நிற்பார்கள். மாணவர்கள், கடைக்காரர்கள், ஒரு ஸ்டேட் பாங்க் கேஷியர் எல்லோரும் கலந்து ஆடுவோம். விசில் ஊத ஆள் கிடையாது. அதனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. பந்து கைமாறும்போது கீழே விழுந்துவிட்டால், எறிந்தவன் முதலில் கை தூக்க வேண்டும். பிடித்திருக்க வேண்டியவன் தன் மேலும் தப்பு உண்டு என்று நினைத்தால் அவனும் தூக்குவான். சில சமயம் இரண்டு கையும் மேலே நிற்கும். அவ்வளவுதான், வாய்ச்சண்டை கிடையாது, அடுத்த பந்து.

ஏன் எறிந்தவன் முதலில்? எப்போது எறிவது, எவ்வளவு வேகமாக எறிவது என்று தீர்மானிக்கிறவன் அவன். பிடிக்கிறவனுக்கு ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க ஒரு கண் மூடித் திறக்கிற நேரம்தான் இருக்கிறது. இதை யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. போன முதல் நாளே பார்த்துப் பழகிவிட்டது.

4

இந்தப் பழக்கம் என்னை இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கவிழ்த்தது. அட்டவணையில் "விட்டது" என்று ஒரு கட்டம். அதில் ஆட்டக்காரன் எண்ணைப் போட வேண்டும். ஒரு பந்து விழுந்தால் யார் எண்ணைப் போடுவது? எனக்குச் சந்தேகமே வரவில்லை. எறிந்தவன் எண்ணைப் போட்டேன். நாலு வாரம் கைலின் எண்ணாகவே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் கோச் எல்லோர் முன்னாலும் அட்டவணையைத் தூக்கிக் காட்டினார். "என் குவார்ட்டர்பேக் தான் எறிந்த பந்தைத் தானே ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டுமா, சாமி? உங்கள் ஊரில் அப்படித்தான் ஆடுவீர்களா?"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். "கை தூக்குவோம்" என்று ஆரம்பித்து என் இங்கிலீஷில் விளக்கப் போனேன். எதையோ மாற்றிச் சொன்னதில், நாங்கள் போலீசைப் பார்த்ததுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடுவோம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நாலு வாரத்துக் கணக்கையும் உட்கார்ந்து மாற்றி எழுதினேன்.

மாற்றி எழுதினேனே தவிர என் புத்தி மாறவில்லை. சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டேன். பிடிக்கிறவன் தப்பு என்றால் சிவப்பு, எறிந்தவன் தப்பு என்றால் நீலம். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை. இரண்டு சீசனாக அது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

5

அந்த நோட்டு எதற்காக என்று கேட்டால், எண்பத்து மூன்றுக்குப் போக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி. இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் எங்கள் ராஜபாளையம் கல்லூரிக் குழு, மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் நகரக் குழு. அதாவது நான் சொந்த ஊருக்கு எதிராக ஆட வேண்டும். எங்கள் தெருவே மைதானத்தில் நின்றது. நான் பந்தைத் தொட்டாலே "ஏலே முருகேசா!" என்று ஒரு சத்தம். எங்களை ஆதரிக்கிறார்களா, கேலி பண்ணுகிறார்களா என்று யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் கேப்டன் மோகனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பந்தை எறியும்போது "பட்டு!" என்பான், பிடி என்று அர்த்தம். கோபம் ஏற ஏற அந்தப் "பட்டு" சுருக்கென்று வரும், பந்தும் அப்படியே வரும்.

இடைவேளையில் இரண்டு குழுவுக்கும் சருகில் பால்கோவா வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எதிரிக்கும் பால்கோவா உண்டு. அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சீனி மாமா கூட்டத்திலிருந்து மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார். "மருமவனே, நம்ம ஊரு பேரக் காப்பாத்துலே!" என்று இன்னொரு உருண்டையை என் வாயில் திணித்தார். எந்த ஊர்ப் பேரை என்று அவருக்கே தெரியாது. மோகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் பாதியில் நான் மூன்று பந்தை விட்டேன். முதலாவது என் தப்புதான். விரலில் நெய் இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. விட்ட உடனே கை தூக்கினேன். மற்ற இரண்டும் அப்படியில்லை. நான் இன்னும் திரும்பக்கூட இல்லை, பந்து வந்து விலாவில் அடித்தது. அடுத்தது அதைவிட வேகம். இரண்டு தடவையும் மோகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கை இடுப்பில் இருந்தது. ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. ராஜபாளையம் மைதானத்தில் இரண்டு வருடம் ஆடியதில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

ஒரு கூடையில் தோற்றோம். திரும்புகிற பஸ்ஸில் அவர்கள் ஏறினார்கள், நான் ஏற வேண்டியதில்லை, என் வீடு அங்கேயேதான். அதுவும் தப்பாகப் போய்விட்டது. பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான்: "பால்கோவாவுக்கு மேட்ச வித்துட்டாம்ல!"

6

மறுநாள் கல்லூரியில் எனக்குப் பெயரே பால்கோவா. அது போகட்டும். விளையாட்டு ஆசிரியர் கூப்பிட்டனுப்பி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அவரே எழுதிவைத்திருந்தார். மூன்று பந்தையும் என் கவனக்குறைவால் தவறவிட்டேன், குழுவின் தோல்விக்கு நானே பொறுப்பு, மன்னிக்கவும். கீழே என் பெயர். கையெழுத்துப் போடாவிட்டால் விஷயம் முதல்வரிடம் போகும் என்றார்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். நான், "ரெண்டு பந்து என் தப்பு இல்லப்பா" என்றேன்.

"ஒண்ணுக்குப் போடுறதும் மூணுக்குப் போடுறதும் ஒரே கையெழுத்துதாம்லே. போட்டுக் குடுத்துட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

"பொய்யில எப்படிப்பா போடுறது?"

"நான் தினம் எம்புட்டுக் காகிதத்துல போடுறேன், எல்லாம் என்ன சத்தியமா? போடுலே."

போட்டேன். அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மழைக்காலம் வரைக்கும் அது அங்கே இருந்தது. அதன் பிறகு என்னை யாரும் குழுவில் சேர்க்கவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே, என்னை எப்படிச் சேர்ப்பார்கள்?

அப்பா மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் மேல் மட்டும் அல்ல. தொண்ணூற்று நாலில் ஊருக்குப் போயிருந்தபோது மோகன் வீட்டுக்குக் கூப்பிட்டான். இப்போது பேண்டேஜ் துணி வியாபாரம், நன்றாக இருக்கிறான். எனக்கும் செல்விக்கும் இலை போட்டு, தானே நின்று பரிமாறினான். மில், மழை, மாம்பழ விலை எல்லாம் பேசினோம். அந்த இரண்டு பந்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்துவிட்டது.

7

இந்த சீசனில் எங்கள் ஃபுட்பால் குழு தோற்றுக்கொண்டே இருந்தது. டெரிக் பதிமூன்று பந்தை விட்டான். பந்து நழுவுவது சின்ன விஷயம் என்று நான் சொல்லவே இல்லை. அது குழுவை எப்படித் தின்றுவிடும் என்று இந்த அலுவலகத்தில் என்னைவிட அதிகம் பார்த்தவன் எவனும் இல்லை.

பத்துக் கஜம் முன்னேற நாலு வாய்ப்பு, அதுதான் ஆட்டம். முதல் வாய்ப்பில் எறிகிறான், இவன் விட்டுவிடுகிறான். மூன்று வாய்ப்புத்தான் மிச்சம், பத்துக் கஜம் அப்படியே நிற்கிறது. கோச்சுக்குப் பயம் வந்துவிடுகிறது, அடுத்து எறிய வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடு என்கிறார். இவர்கள் ஓடத்தான் போகிறார்கள் என்று எதிராளிக்கும் தெரியும், நடுவில் சுவர் மாதிரி நிற்கிறான். இரண்டு கஜம் கிடைக்கிறது. மூன்றாவது வாய்ப்பில் தூரமாக எறிந்தே தீர வேண்டும். அதுவும் எதிராளிக்குத் தெரியும், பின்வாங்கி நின்று காத்திருக்கிறான். அதுவும் போனால் நாலாவதில் பந்தை உதைத்து எதிராளி பக்கமே அனுப்பிவிட வேண்டியதுதான். ஆக, விழுந்தது ஒரு பந்து, போனது நாலு வாய்ப்பும்.

அட்டவணையில் இல்லாத இன்னொன்று என் நோட்டில் இருந்தது. டெரிக் விட்ட பந்துகள் ஒவ்வொன்றாகச் சிதறி விழவில்லை. ஒன்று விழுந்தால் அதே ஆட்டத்தில் இன்னொன்று விழும், சில சமயம் மூன்றாவதும். ஏன் என்று டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் பந்து விழுந்ததும் கைல் எரிச்சலோடு தலையை ஆட்டுவான். அதன் பிறகு டெரிக்குக்கு எறிவதென்றால் அவன் கிட்டே நின்றாலும் முழு பலத்தோடு எறிவான், டெரிக் திரும்புவதற்கு முன்னாலேயே எறிவான். மற்றவர்களுக்கு அப்படி எறிவதில்லை. அந்தக் கோபப் பந்தை எனக்குத் தெரியும். அது பதினாலு வருடத்துக்கு முன்னால் என் விலாவில் வந்து அடித்த பந்து. சீசன் முடிவில் நோட்டைக் கூட்டினேன். சிவப்பு நாலு, நீலம் ஒன்பது.

கடைசி ஆட்டத்துக்கு என் மகள் கோதையையும் அழைத்துப்போனேன். ஏழு வயது. பள்ளியில் அவளை "கோ" என்கிறார்கள், அவளும் அதற்குத்தான் திரும்புகிறாள். டெரிக் ஒரு பந்தை விட்டதும் மைதானமே ஊளையிட்டது. பக்கத்தில் இன்னொரு சின்ன ஊளை கேட்டது. திரும்பினால் என் மகள், வாய்க்குப் பக்கத்தில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கோதை, அது அவன் தப்பு இல்ல."

இங்கிலீஷில் பதில் வந்தது. "அப்பா, அவன் விட்டுட்டான். எல்லாரும் பார்த்தாங்க."

"எறிஞ்சவனைப் பார்த்தியா?"

"எறிஞ்சவனை எதுக்குப் பார்க்கணும்? பந்து விழுந்தது இவன் கையிலேருந்து." கொஞ்சம் கழித்து, "நீங்க எப்பவுமே தோக்கிறவங்க பக்கம்" என்றாள்.

இந்த ஊரில் பிறந்தவள், இந்த ஊர்க் கண்ணால் பார்க்கிறாள். கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளோடு பேசாமல் காரை ஓட்டினேன். ஏழு வயதுக் குழந்தையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

8

டெரிக் உதவித்தொகையில் படிக்கிறவன். பந்து பிடிக்கிறான் என்பதற்காகக் கல்லூரி அவன் படிப்புச் செலவைக் கட்டுகிறது. அவன் அப்பா ஒரு கறிவெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறார். உதவித்தொகை நின்றால் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த ஆலைக்குத்தான் போக வேண்டும். அதை நிறுத்தத்தான் கோச் முடிவு செய்திருந்தார். நிறுத்துவதற்குப் பல்கலைக்கழகக் கமிட்டிக்கு எழுத வேண்டும். அதோடு சீசன் அட்டவணையை இணைக்க வேண்டும், தயாரித்தவர் கையெழுத்தோடு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். அறையில் கோச்சும் டெரிக்கும் இருந்தார்கள். மேஜை மேல் தட்டச்சு செய்த தாள். டெரிக் விட்ட பந்து பதிமூன்று. கீழே என் அப்பாவின் பாதிப் பெயர், அதற்கு மேல் ஒரு கோடு.

கோச் கெட்டவர் இல்லை. அவனையும் உட்காரவைத்து, அவன் முகத்துக்கு நேரேதான் கேட்டார். "டெரிக், இந்தப் பதிமூன்றும் உன்னுடையதா?"

"என் கையில் பட்டது எல்லாம் என்னுடையதுதான், சார்."

கோச் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைத் தொடவில்லை. "இதில் நாலுதான் இவனுடையது. ஒன்பது எறிந்தவனுடையது. டேப்பைப் போடுங்கள், காட்டுகிறேன்" என்றேன்.

"மறுபடியும் அந்தக் கதையா, சாமி? அவனே ஒத்துக்கொள்கிறான்."

"அவன் ஒத்துக்கொள்ளலாம். நான் எழுத மாட்டேன்."

"உன் கையெழுத்து இல்லாமல் கமிட்டி இதை வாங்காது."

"தெரியும். என் அப்பா தாலுகா ஆபீஸ்."

அவருக்கு அது புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. என் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். எந்த ஆட்டம், டேப்பில் எந்த இடம், எறிகிற நேரத்தில் இவன் தோள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் திறந்து பார்க்கவில்லை. உன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்பது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நினைவிருக்கிறது என்றேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு எங்கேயும் தடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் இந்த வாய் எங்கே போயிருந்தது என்று அந்த நிமிடத்தில் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஒரு புது ஆளை உட்காரவைத்து, சீசன் டேப் முழுவதையும் முதலிலிருந்து பார்க்க மூன்று நாள் போதாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கமிட்டி ஆபீஸ் ஜன்னலை மூடியது. கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் நகராது என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமெரிக்காவும் ஒன்றுதான். டெரிக்குக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு உண்டு. எனக்கு மார்ச்சுக்குப் பிறகு என்ன உண்டு என்று தெரியாது.

செல்வி வெள்ளிக்கிழமைதான் வாயைத் திறந்தாள். "அந்தப் பையன் தப்பிச்சானா?"

"தப்பிச்சான்."

"சரி. பொறவு நம்மள அனுப்புனா அனுப்பட்டும், ஊரு இருக்கு." இரண்டு பெட்டியையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள், அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

9

திங்கட்கிழமை மத்தியானம் டெரிக் என் அறை வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, இருக்கையிலிருந்து பாதி எழுந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களை யார் கேட்டது?" என்றான். "எல்லோரும் இப்போது என்ன பேசுகிறார்கள் தெரியுமா? தன் தப்பை கைல் தலையில் கட்டுவதற்கு இவன் ஆபீஸ்காரனைப் பிடித்திருக்கிறான் என்கிறார்கள். என் அப்பாவிடம் நான் இதை எப்படிச் சொல்வேன்? எங்கள் வீட்டில் தன் தப்பை அடுத்தவன் மேல் போட்டால் சோறு கிடையாது."

"நல்ல வீடு" என்றேன். "ஆனால் அடுத்தவன் தப்பை எடுத்து உன் மேல் போட்டுக்கொள்வதும் பொய்தான். உன் வயதில் நான் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் என்னைப் பெரிய மனுஷன் என்று சொல்லவில்லை. பலகையில் ஒட்டிவைத்தார்கள்."

"கையில் பட்டால் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நாலு உன்னுடையது. அந்த நாலை நீ வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். மற்ற ஒன்பதை நீ காலில் விழுந்து கேட்டாலும் உனக்குத் தரமாட்டேன். போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்."

என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். எதிர் அறைக்காரி எட்டிப் பார்த்தாள். டெரிக் போவதற்குத் திரும்பினான். கதவுப் பிடியில் கை வைத்தான். பிறகு கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த நாலு?"

டேப்பைப் போட்டேன். முதலாவதை அவன் ஐந்தாறு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தான். "பிடிப்பதற்கு முன்னாலேயே ஓடப் பார்த்திருக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எதிலும் அவன் சாக்குச் சொல்லவில்லை. நாலும் முடிந்தது. நான் டேப்பை வெளியே எடுக்கப் போனேன்.

"இருங்க" என்றான். "அந்த ஒன்பதையும் போடுங்க. அதையும் எப்படிப் பிடிக்கலாம்னு பார்க்கணும்."